முதலில் பிரேக், பிறகு பெயிண்ட்!

பழைய மோட்டார் கார் என்றால் இன்று தனி மோகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கார்கள் வரிசையாக ஊர்வலம் போனால், தெரு ஓரத்தில் கூட்டம் கூடிவிடுகிறது. "அதோ பார், தாத்தா காலத்து கார்!" என்று குழந்தைகள் கை தட்டுகிறார்கள். பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

கார் பளபளவென்று மின்னுகிறது. முகம் பார்க்கலாம் போல் பெயிண்ட். வெள்ளிபோல் பம்பர். உள்ளே புதிய மெத்தை. சொந்தக்காரர் செலவுக் கணக்கைப் பெருமையோடு சொல்லுகிறார்.

எல்லாம் சரி. அந்தக் கார் நிற்குமா?

ஓடுமா என்று கேட்கவில்லை. நிற்குமா என்று கேட்கிறோம். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், கால் மிதித்த இடத்தில் அந்தக் கார் நிற்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பழைய காரைத் தெருவில் இறக்கக் கூடாது. இதுவே நம் கருத்து.

மூன்று கார்களின் காலம்

ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் என்றால் பெரும்பாலும் மூன்றுதான். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் அம்பாசடர். பம்பாயில் பியட். நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இவற்றில் நெடுங்காலம் வாழ்ந்தது அம்பாசடர். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசைதான் இங்கே அம்பாசடர் என்று பெயர் பெற்றது. 1950-களின் கடைசியில் பிறந்து, 2014 மே மாதம் வரை அது தயாராகிக்கொண்டே இருந்தது. மந்திரியும் அதில் போனார். மாப்பிள்ளையும் அதில் போனார். பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதுதான்.

ஆகையால் அம்பாசடரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இங்கே சொல்வதில் பெரும்பகுதி மற்றப் பழைய கார்களுக்கும் பொருந்தும்.

வேகம் இரண்டு மடங்கு. ஆபத்து எத்தனை மடங்கு?

அம்பாசடர் பிறந்தபோது சாலையில் மாட்டு வண்டியும் சைக்கிளும்தான் அதிகம். 40 கிலோமீட்டர் வேகமே வேகம் என்று மக்கள் நினைத்த காலம். இன்று அப்படியா? நான்கு வழிச் சாலையில் பின்னால் லாரி விரட்டுகிறது. முன்னால் போகிற புதிய கார் சட்டென்று நிற்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போகிறவரை ஒரு விநாடி ஆகும். பிறகு, நல்ல பிரேக்கும் உலர்ந்த சாலையும் இருந்தால், இன்னும் 10 மீட்டர் ஓடி நிற்கும். மொத்தம் சுமார் 21 மீட்டர்.

வேகம் 80 கிலோமீட்டர் ஆனால்? அந்த ஒரு விநாடியில் 22 மீட்டர் போய்விடும். மிதித்த பிறகு ஓடுவது 20 மீட்டர் அல்ல, 40 மீட்டர்! வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மொத்தம் 60 மீட்டருக்கும் மேல்.

இது நல்ல பிரேக் உள்ள காருக்குக் கணக்கு. தேய்ந்துபோன பிரேக் உள்ள காருக்குக் கணக்கே கிடையாது.

டிரம் பிரேக் எப்படி வேலை செய்கிறது?

பழைய அம்பாசடரின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புக் கிண்ணம் சுற்றுகிறது. அதுதான் டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். ஷூவின் மேல் லைனிங் ஒட்டியிருக்கும்.

பிரேக்கை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போகிறது. அங்கே உள்ள வீல் சிலிண்டர் ஷூக்களை விரித்து டிரம்மோடு உரசச் செய்கிறது. கார் நிற்கிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் இரண்டு குறை உண்டு.

முதலாவது, சூடு. உரசினால் சூடு பிறக்கும். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். மிதி தரையைத் தொடும். கார் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, தண்ணீர். தேங்கிய மழைநீரில் கார் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் புகும். அது உலர்கிறவரை பிரேக் வழுக்கும்.

டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு. சக்கரத்தோடு சுற்றும் ஒரு தட்டை இரண்டு பக்கமும் பேடுகள் இடுக்கிபோல் பிடிக்கின்றன. தட்டு வெளியே காற்றில் சுற்றுகிறது. சூடு சீக்கிரம் ஆறுகிறது. தண்ணீர் சிதறிப் போகிறது. 1953-இல் பிரான்சு நாட்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு வந்து வெற்றி பெற்றது. அதன் பிறகு உலகம் முழுவதும் இதன் புகழ் பரவியது.

ஒரு குழாய் உடைந்தால்?

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் பாதை. எங்கேயாவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால், நான்கு சக்கரத்திலும் கால் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது கை பிரேக் ஒன்றுதான்.

இந்தக் குறையை உலகம் எப்போதோ உணர்ந்துவிட்டது. 1962-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் ஆயில் பாதையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று காரை நிறுத்தும். 1968 முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு இது கட்டாயம் ஆயிற்று.

இரட்டை மாஸ்டர் சிலிண்டர் என்று கேட்டால் நல்ல மெக்கானிக்குப் புரியும். பழைய காருக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்யப் பணம் இருக்கிறது என்றால், இதையே செய்யுங்கள்.

எதை முதலில் செய்வது?

எடுத்தவுடன் டிஸ்க் பிரேக்குக்குத் தாவக் கூடாது. அடிப்படை சரியில்லாத வீட்டுக்கு மாடி கட்டுவது போல் ஆகிவிடும். வரிசையாகப் போக வேண்டும்.

முதலில் ரப்பர் குழாய்கள். மேலே நன்றாக இருப்பதுபோல் தெரியும். உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பழையது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களில் துரு இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

அடுத்து மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர். உள்ளே உள்ள ரப்பர் வாஷரை மட்டும் மாற்றினால் போதாது. சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி இருந்தால் புது வாஷரும் சில மாதத்தில் கிழியும்.

பிறகு பிரேக் ஆயில். இது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. ஈரம் சேர்ந்தால் கொதிநிலை குறையும். டாட் 3 என்னும் ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவியை மிதித்தால் பஞ்சை மிதித்ததுபோல் இருக்கும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள்.

அதன் பிறகு லைனிங்கும் டிரம்மும். லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் கழுவிப் போடக் கூடாது. தூக்கி எறிய வேண்டும். டிரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் கடைசல் பிடிக்கலாம். ஆனால் அளவுக்கு மேல் கடைந்தால் டிரம் மெலிந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிஸ்க் பிரேக். பின்னாளில் வந்த சில அம்பாசடர்களில் கம்பெனியே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தது. அந்தச் சாமான்களைத் தேடிப் பழைய வண்டிக்குப் பொருத்துகிறவர்கள் உண்டு.

இதிலும் கவனம் வேண்டும். டிஸ்க் பிரேக்குக்குக் காலின் பலம் அதிகம் தேவை. ஆகவே மிதிக்கு உதவி செய்யும் சர்வோ வேண்டும். டிரம் பிரேக்குக்குச் செய்த மாஸ்டர் சிலிண்டரை அப்படியே டிஸ்க்குக்கு வைக்கக் கூடாது. குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வு அதில் இருக்கும். டிரம்முக்கு அது நல்லது. டிஸ்க்குக்கோ பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தம் பொருந்தியும் வர வேண்டும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் பம்பரம்போல் திரும்பிவிடும்.

கியர் பெட்டியும் ஒரு பிரேக்தான்

"பிரேக் பேச்சில் கியர் எங்கே வந்தது?" என்று கேட்கலாம். கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது டிரைவர் இரண்டாவது கியரில் போட்டு, என்ஜினின் இழுப்பிலேயே காரை அடக்கி வருவார். பிரேக்கைத் தேவைக்கு மட்டும் தொடுவார்.

அந்த நேரத்தில் இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் என்ன ஆகும்? காரின் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். அது ஏற்கெனவே சூடாக இருந்தால் கதி என்ன? எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கியர் பெட்டியைச் செப்பனிடுவது சுகத்துக்காக மட்டும் அல்ல, உயிருக்காகவும்தான்.

பழைய அம்பாசடரில் கியர்க் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும். முன்னோக்கி நான்கு கியர். முதல் கியருக்குச் சிங்க்ரோ வளையம் கிடையாது. கார் நின்ற பிறகுதான் அதைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் கரகரவென்று அலறும். சிங்க்ரோ என்பது என்ன? வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு உறுப்புகளை உரசி, ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு சேர்த்து வைக்கும் பித்தளை வளையம். சண்டைபோடும் இருவரைச் சமாதானம் செய்து கை குலுக்க வைக்கும் நாட்டாண்மைக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கியர் விழவில்லை என்றவுடன் சிலர் பெட்டியைக் கழற்றிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். முதலில் ஸ்டீயரிங்கிலிருந்து பெட்டிவரை போகும் கம்பிகளைப் பாருங்கள். அவற்றின் மூட்டில் உள்ள புஷ் தேய்ந்திருந்தாலே கியர் சிக்கும். நடுரோட்டில் டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, கம்பியை இழுத்துவிட்டு மறுபடி ஏறுவதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அடுத்து கிளச்சு முழுவதும் விடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் பெட்டிமேல் பழி.

பெட்டியைத் திறந்தால் அரைகுறை வேலை உதவாது. பேரிங், சிங்க்ரோ வளையம், சிறிய ஸ்பிரிங், குண்டு, அடியில் உள்ள லே ஷாப்டு, அதன் இரு முனையிலும் உள்ள வாஷர் எல்லாவற்றையும் அளந்து பார்க்க வேண்டும். கியர் தானாகக் கழலுவதற்குக் காரணம் தளர்ந்த ஸ்பிரிங்காக இருக்கலாம். மழுங்கிய பல்லாகவும் இருக்கலாம். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் பணமும் போகும், நோயும் போகாது.

கழற்றும்போது ஒவ்வொரு உறுப்பையும் வரிசையாகத் துணியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதறாத காரியம் சிதறாது. கடைசியாக எண்ணெய். கெட்டியான எண்ணெய் எல்லாம் நல்ல எண்ணெய் என்று எண்ணாதீர்கள். சில ரகங்களில் உள்ள ரசாயனம் பித்தளை வளையத்தை அரித்துவிடும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன எண்ணெயையே ஊற்றுங்கள்.

"அசல் கெடலாமா?"

சிலர் கோபித்துக்கொள்வார்கள். "பழைய கார் என்றால் அப்படியே இருக்க வேண்டும். ஒரு ஆணி மாறினாலும் அழகு கெட்டது" என்பார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பழமையைக் காப்பது நல்ல காரியம். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொடுக்க 2021-இல் மத்திய அரசு விதி செய்தது. சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது.

ஆகவே முடிவு சுலபம். ஆண்டுக்கு இரண்டு முறை ஊர்வலத்துக்கு மட்டும் போகிற காரா? அசல் டிரம் பிரேக்கையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் புத்தம் புதிது போல் செய்து வையுங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிற காரா? இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் முன் டிஸ்க்கும் யோசிக்க வேண்டியவை. மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி விவரம் தெரிந்துகொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமானை எறியாமல் எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள். என்றாவது மறுபடி பூட்டிக்கொள்ளலாம். அசல் சாமானைத் திரும்பப் பூட்டலாம். போன உயிரைத் திரும்பப் பெற முடியாது.

பட்டறைப் பையனையும் நினையுங்கள்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்தவுடன் வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் பல பட்டறைகளில் வழக்கம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம்.

ஈரத் துணியால் துடைக்க வேண்டும். நல்ல முகமூடி கட்ட வேண்டும். துடைத்த துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். காரின் சொந்தக்காரர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். நம் காருக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை நோயாளி ஆகலாமா?

நல்ல மெக்கானிக்குக் கூலியைக் குறைக்காதீர்கள். கை கியர்ப் பெட்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கிறவர்களின் பக்கத்தில் ஒரு இளைஞனை நிறுத்தி, தொழில் கற்கச் செய்வது நல்லது.

வீட்டிலேயே பார்க்கலாம்

கார் வைத்திருக்கும் குடும்பத்தினர் எல்லாரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. புறப்படும் முன், கார் நிற்கும்போதே பிரேக்கை அழுத்தி ஒரு நிமிஷம் வைத்திருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கலாம், ஷூ தளர்ந்திருக்கலாம். ஒரு பக்கமாக இழுக்கிறதா? ஒரு சக்கரத்தில் கோளாறு. சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கிறதா? கார் புறப்படவே கூடாது.

வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "பிரேக் பார்த்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். டிரைவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பழைய காரை நேசிப்பவர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். கையில் 100 ரூபாய் இருந்தால் முதல் ரூபாயைப் பிரேக்குக்குக் கொடுங்கள். அடுத்ததைக் கியர் பெட்டிக்குக் கொடுங்கள். மிச்சம் இருந்தால் பெயிண்ட் அடியுங்கள். மிச்சம் இல்லாவிட்டால் மங்கிய பெயிண்டோடேயே போங்கள்.

மங்கிய காரில் போனவர் யாரும் மானம் கெட்டுவிடவில்லை. நிற்காத காரில் போனவர்தான் வீடு திரும்பவில்லை.